விஷ்ராந்த்வாடியில் யாரும் எழுதலாம் சுவர்

டிராயிங் டீச்சர் வேலையில் ஒரு வசதி, நம்மை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நிம்மதியாக இருந்திருக்கலாம். நானோ புனேயில், விஷ்ராந்த்வாடியில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் காம்பவுண்ட் சுவரை முப்பது நாளுக்கு ஊருக்கே திறந்துவிட்டேன். யாரும் வரையலாம், எழுதலாம், பெயர் போட வேண்டாம். செல்போனில் எல்லோரும் பாம்பு விளையாட்டு ஆடிய காலம் அது. செக்ரெட்டரி ஒரே நிபந்தனை போட்டார்: குடியிருப்பவர் ஒருவர் எழுத்தில் புகார் கொடுத்தால் போதும், முழுச் சுவருக்கும் வெள்ளையடித்துவிடுவார். ஊர்ப் பொதுக் காரியம் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு விழித்த சக பாவிகளே, மேலே படியுங்கள்.

முதல் படைப்பு

சுவரடியில் நான் வைத்த பெயிண்டையும் பிரஷ்ஷையும் இரண்டு நாள் யாரும் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை சுவரின் நட்ட நடுவில் கொட்டை எழுத்தில் மராத்தி. ஆசையாக ஓடினேன். ‘இங்கே வண்டி நிறுத்தினால் டயரில் காற்று இருக்காது. மதியம் ஒன்று முதல் நான்கு வரை பெல் அடிக்காதீர்கள். மற்ற நேரத்திலும் யோசித்து அடியுங்கள்.’ புனேக்காரர் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் அறிவிப்புப் பலகைதான் எழுதுவார் என்பது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும்.

எழுதியவர் கீழ்வீட்டு ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். கையில் பெயிண்ட்கூடக் காயவில்லை. “இது கற்பனைக்கான சுவர் சார்” என்றேன். அவர் அசரவே இல்லை.

“இதைப் படிச்சிட்டு ஒருத்தன் வண்டியை எடுப்பான்னு எழுதினேனே, அது கற்பனை இல்லாம வேற என்ன மேடம்?”

வாகட் வாலிபர்கள்

ஞாயிற்றுக்கிழமை ஊரின் மறுகோடியில் இருக்கும் வாகட்டிலிருந்து நான்கு சாஃப்ட்வேர் பையன்கள் வந்தார்கள். எல்லோரும் கோயம்புத்தூர். தமிழில் ஏதாவது எழுதுவார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. தலைப்பு என்ன, நீள அகலம் என்ன, யார் அப்ரூவ் பண்ணுவார்கள் என்று விசாரித்தார்கள். யாரும் பண்ண மாட்டார்கள் என்றதும் முகம் வெளிறிவிட்டது. தள்ளிப் போய் அரை மணி நேரம் மீட்டிங் போட்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான்.

“ஏனுங்க மேடம், எது வேணும்னாலும்னா எப்படீங்க? ஒரு சாம்பிள் இருந்தா குடுங்க, அப்படியே போட்டுடறோம்.”

பி-7

இருபது நாளில் சுவர் நிறைந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் ஒரு நாள் காலை அந்தப் படம். ஒரு டீ கப். நீலப் பூ, விளிம்பில் விரிசல், கைப்பிடி உடைந்திருந்தது. கீழே ‘பி-7’. எங்கள் வீடு. பாத்திரம் தேய்க்க வரும் சுனந்தாபாய்க்கென்று நான் ஜன்னல் ஓரத்தில் தனியாக வைத்திருக்கும் கப் அது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வெட்கம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கோபம். நேராகப் போய் வெள்ளை பெயிண்ட் டப்பாவைத் தூக்கிவிட்டேன்.

செக்ரெட்டரி தடுத்தார். ஒரு படத்தை மட்டும் அழிக்க ரூல் இல்லையாம், புகார் எழுதிக் கொடுத்தால் முழுச் சுவரையும் அழிக்கலாமாம். பேனாவைத் திறந்தே நீட்டினார். வாங்கினேன். பி-7 என்று எழுதியும் விட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. என்ன புகார் என்று எழுதுவது? படம் அச்சு அசலாக இருந்தது.

மேலே போய் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கப்பில் டீ ஊற்றி சுனந்தாபாயிடம் நீட்டினேன். யார் வரைந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் கப்பை ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார், குடித்தார், பிறகு மராத்தியில் மெல்லக் கேட்டார்.

“சக்கரை கம்மி மேடம். இங்கேயே சொல்லிடலாமா, சுவத்துக்குப் போகணுமா?”

ஊர் மனம் திறக்கட்டும் என்று சுவர் கொடுத்த நான், மிச்சமிருந்த பத்து நாளும் ஊர் எழுவதற்கு முன் ஓடிப்போய் அதைப் படித்துவிட்டுத்தான் பல் தேய்த்தேன்.