டமாரத்தைக் கொன்ற வாரம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, காகிதத்தில் மட்டுமே இருந்த ஒரு பெண்ணின் மேல் பொறாமைப்பட்டேன். அவளுக்கும் பத்து வயதுதான். பெயர் டமாரம். அவளைப் படைத்தது என் அம்மா.

அப்போது மர்பி டவுனில் குடியிருந்தோம். அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். அம்மா பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் ஆயா. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்ட நேரம் போக, டீச்சர்களுக்குச் சார்ட் வரைந்து கொடுப்பாள். அது அவள் வேலையில் சேராத வேலை.

ஒருமுறை கொசுவால் பரவும் நோய்கள் பற்றி ஒரு சார்ட் கேட்டார்கள். அம்மா வரைந்த கொசு மூக்குக் கண்ணாடி போட்டிருந்தது. சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு ஃபைல். பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்திருந்த ஒருவர் அதன் முன்னால் நின்று வெகுநேரம் சிரித்திருக்கிறார். அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்திலிருந்து எட்டுப் பக்கத்தில் வந்துகொண்டிருந்த தமிழ் வாரப் பத்திரிகை அவருடையது. ஆசிரியரும் அவரே, பிழை திருத்துகிறவரும் அவரே, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டரில் கட்டுகளை அடுக்கிக் கடை கடையாகப் போடுகிறவரும் அவரே. "இதை யார் வரைஞ்சது?" என்று கேட்டாராம். "நாங்கதான் சார்" என்றாராம் ஒரு டீச்சர். "நாங்கன்னா யாரு?" என்று அவர் விடவில்லை. கடைசியில், தண்ணீர் டம்ளர்த் தட்டோடு ஓரமாக நின்றிருந்த அம்மாவைக் கை காட்டியிருக்கிறார்கள்.

அப்படித்தான் வாராவாரம் நான்கு கட்டத்தில் டமாரம் வர ஆரம்பித்தாள். ஆன்டெனா மாதிரி மேலே தூக்கி நிற்கும் இரட்டைச் சடை. மடிப்பை அவிழ்த்துவிட்டும் முழங்காலை எட்டாத யூனிஃபார்ம். மூன்று கட்டம் வரை பேசாமல் நிற்பாள், நான்காவதில் வாயைத் திறப்பாள். "தண்ணி வரலைன்னா எழுதிக் குடு" என்று அதிகாரி சொன்னால், "எழுதித் தர்றேன் சார், மை கரைக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்பாள். மெஜஸ்டிக் போகிற பஸ்ஸில் கண்டக்டர் முன்னாடி போ, முன்னாடி போ என்று கத்தினால், "இப்படியே போனா மெஜஸ்டிக்குக்கு நடந்தே போயிடுவேனே!" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரி வாசலில் பெரியவர்கள் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா என் பரீட்சை அட்டையை எடுத்து அதில் காகிதத்தைச் செருகித்தான் அவளை வரைவாள். டமாரத்துக்குச் சடை போடும்போது நாக்கின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும், அத்தனை கவனம். எனக்குச் சடை போடும்போது கடிகாரத்தைப் பார்ப்பாள். வரைந்துகொண்டே தனியாகச் சிரிப்பாள். நான் அருகில் போய் நின்றால், "மை மேல கை படப்போகுது, தள்ளி உக்காரு கண்ணு" என்பாள். தள்ளி உட்காருவேன். தள்ளி உட்காருவதில் நான் கெட்டிக்காரி. எனக்குப் பேச்சே வராது. ஊமை இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் தொண்டைக்கு ஏறி வருவதற்குள் எதிரில் இருப்பவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள்.

ஒருநாள் எதிர்வீட்டு அக்கா கேட்டாள், "ஏங்க்கா, டமாரம்னா உங்க பாப்பாதானே?"

அம்மா சிரித்துவிட்டாள். "இவளா? இவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள தாலுக்கா ஆபீஸ்ல சர்டிபிகேட்டே வாங்கிடலாம்."

அம்மா அதைக் கேலியாகக்கூடச் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் தலையை வேறு தடவினாள். நான் உள்ளே போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

டமாரம் மாதிரி ஆகிவிடலாம் என்றும் முயன்று பார்த்தேன். சிவாஜி நகர் போகிற பஸ்ஸில் ஒருநாள், கண்டக்டர் முன்னாடி போகச் சொன்னபோது, மனப்பாடம் செய்துவைத்த அந்த வசனத்தைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். "நடந்தே... நடந்தே போயிடுவேன்" என்பது மட்டும் வெளியே வந்தது. அவர் பதறிப்போய், "பேடம்மா, நடீபேடா, யாரு கூட வந்தே?" என்று, நடக்க வேண்டாமெனக் கன்னடத்தில் தடுத்து, தமிழில் கேட்டு, யாரோ ஒரு பெண்ணின் மடியில் என்னை உட்காரவைத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா காரணம் கேட்டாள், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் டமாரத்துக்குப் போயிருக்கும்.

வரைந்த படத்தைப் பத்திரிகை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், பழுப்பு உறையைப் புத்தகப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் போவேன். என் எதிரியை நானே சுமந்துகொண்டு போவது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு புதன்கிழமை, ஏரிக்கரைச் சுவரோரம் நின்று உறையைப் பிரித்தேன். அந்த வாரம் டமாரம் வழக்கத்துக்கு மாறாக நான்காவது கட்டத்திலும் பேசவில்லை. தண்ணீர் லாரி போன பிறகு காலி டிரம்மின் மேல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான் படம். பக்கத்தில் நிறைய வெள்ளை இடம் இருந்தது.

மைப் பேனாவை எடுத்தேன். அம்மாவின் எழுத்து மாதிரியே கொஞ்சம் சாய்த்து எழுதினேன்: "அன்றே டமாரம் செத்துப்போனாள். முற்றும்."

ஆசிரியர் ஏதோ கல்யாணத்துக்காக ஆம்பூர் போயிருந்தார். பக்கம் ஒட்டுகிற அண்ணன் உறையை வாங்கி, பார்க்காமலே மேசையில் போட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் கால்கள் லேசாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்த அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். எதிர்வீட்டு அக்கா உண்மையாகவே கண் கலங்கியிருந்தாள். "ஏன்க்கா சாகடிச்சே? எம் பையன் இட்லி வேணாம்னு குப்புறப் படுத்துக்கினான்." பூக்காரம்மா ஒரு முழம் கனகாம்பரத்தை நீட்டி, "படம் இருந்தா போட்டு வுடு" என்றாள். அதுவரை ஒரு வாரம்கூட டமாரத்தைப் படித்திராத அப்பா, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார், "என்னாவாம் அந்தப் பொண்ணுக்கு? டைபாய்டா?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ கையிலிருந்த பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் யாரையும் பார்க்காமல், கதவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள். எழுத்தை எவ்வளவு சாய்த்தாலும் என்னுடைய 'ற' வயிறு முட்டச் சாப்பிட்ட மாதிரி இருக்குமென்று வீட்டுப் பாடம் பார்க்கிறவளுக்குத் தெரியாதா?

பதினொரு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. ஆசிரியர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார், "என்னம்மா இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? காலையிலேர்ந்து கடைக்காரன் ஒவ்வொருத்தனும் என்னைப் புடிச்சி உலுக்குறான்."

நான் கதவுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கினேன். அம்மா சொன்னாள், "நான்தான் சார் எழுதுனேன். ஒரு யோசனை இருக்குது. அடுத்த வாரம் பாருங்க."

அவர் அரைமனதோடு போனார். எனக்கோ பயம் இன்னும் கூடிவிட்டது. பொய் சொல்லிக் காப்பாற்றிவிட்டு, தனியாக வைத்து அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மத்தியானம் சாப்பாடு முடிந்து அப்பா தூங்கிய பிறகு, அம்மா பரீட்சை அட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படிச் செத்தா?" என்று கேட்டாள்.

நான் அரிசி டிரம்மைப் பார்த்தேன்.

"சும்மாத்தான் கேக்குறேன். செத்துப்போனாள்னு போட்டிருக்குது. எப்படின்னு போடலியே. ஜனங்க கேப்பாங்கல்ல?"

"மேலேர்ந்து விழுந்துட்டா" என்றேன்.

"எங்கேர்ந்து?"

"தண்ணி டாங்க்கு மேலேர்ந்து. தண்ணி இருக்குதான்னு எட்டிப் பாத்தா."

"இருந்துச்சா?"

"இல்ல. அதனாலதான் செத்தா. தண்ணி இருந்திருந்தா நீஞ்சியிருப்பா."

அம்மாவின் உதடு துடித்தது. "அப்புறம்?"

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. ஆனால் வாய் நிற்கவில்லை. டமாரத்தின் அம்மா இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாள். அங்கே கண்ணாடி போட்ட ஆபீசர், செத்தவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், ரூல் அப்படி என்றுவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் டமாரம் பாடையிலிருந்து எழுந்து, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். வரிசை ரொம்ப நீளம். முன்னால் நிற்கிறவர் இடத்தை விட்டுப் போகிறார், பின்னால் இருக்கிறவர் நுழையப் பார்க்கிறார். அவரோடு சண்டை போட்டுப் போட்டு, தான் செத்துப்போனதே டமாரத்துக்கு மறந்துபோய்விட்டது. கவுன்டருக்கு வந்ததும் ஆபீசர் யாருக்குச் சர்டிபிகேட் என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலை சார், உங்களுக்கே போட்டுக்கங்க" என்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் அடங்காத சத்தத்தில் அப்பா எழுந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் சொல்லு, இன்னொரு தரம்" என்றாள். அந்தச் சிரிப்பு முழுக்க எனக்கு வந்தது. அன்றைக்கு அரை மணி நேரம் நான் டமாரத்தைவிடப் பெரிய ஆள்.

பிறகு அம்மா பென்சிலை எடுத்தாள். தலை குனிந்தது. நான் இன்னும் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். "இரு கண்ணு, இதைப் போட்டுர்றேன்" என்றாள். என் கண் முன்னாலேயே டமாரம் பாடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். நானே கொன்று, நானே எழுப்பிக் கொடுத்துவிட்டேன். எப்படி வயிறு எரிந்தது என்று சொல்லி முடியாது.

அடுத்த ஞாயிறு பாதிப் பக்கத்துக்கு வந்தது அந்தப் படம். பேக்கரியில் அதை வெட்டிக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்த பத்திரிகையை, யாரும் பார்க்காதபோது பிரித்தேன். கீழே மூலையில், படம் என்று போட்டு அம்மாவின் பெயர் இருந்தது. அதற்கு மேல் இன்னொரு வரி. கதை என்று போட்டு, இனிஷியலோடு என் பெயர்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கதை என்றால் பொய். "கதை வுடாதே", "கதை கட்டாதே", "எங்கிட்டயே கதையா?" என்றுதான் அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழங்கியது. தவிர, அம்மாவை விட்டால், அந்தப் பத்திரிகையில் எங்கள் தெருக்காரர்கள் பெயர் வந்தால் இரண்டே காரணம்தான்: போலீஸ் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் கண்ணீர் அஞ்சலி. ஆக, டமாரத்தைக் கொன்றது யார் என்று அம்மா ஊருக்கே அச்சடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அடிக்காமல் விட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியதாக நினைத்துக்கொண்டேன்.

வெளியே போனால் பேக்கரிக்காரர் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே, "ஏய் கதைக்காரி, வாம்மா வா!" என்று கூப்பிட்டுக் கையில் ஒரு பன்னைத் திணித்தார். குற்றவாளிக்குக் கொடுக்கிற பன் என்று சாக்கடையில் போட்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டேன். அம்மா குனிந்து, "என்னாச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"எம் பேரை எடுத்துடு."

"எந்தப் பேரு?"

"பேப்பர்ல. எடுத்துடு."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாத்தானே இருந்துச்சு கண்ணு" என்றாள். "உனக்குப் பிடிக்கும்னு நெனச்சேன். சார்கிட்ட சண்டை போட்டுத்தான் போடச் சொன்னேன்."

சண்டை போட்டுப் போடச் சொன்னாளாம். எனக்கு அழுகை இன்னும் பெரிதாக வந்தது. "எடுத்துடு" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக அதற்கு முன் நான் பேசியதே இல்லை.

டமாரம் அதற்குப் பிறகும் மூன்று வருடம் வந்தாள். பள்ளிப் பாடநூல்களுக்கும் குழந்தைகள் புத்தகங்களுக்கும் அம்மா படம் போட ஆரம்பித்ததெல்லாம் அதற்கு அப்புறம். கதை என்ற அந்த ஒற்றைச் சொல்லை எவ்வளவு யோசித்து அவள் அங்கே வைத்திருப்பாள் என்று எனக்கு உறைத்தபோது, நானே சம்பளத்துக்கு எழுதுகிறவளாகி, என் பெயரை எந்த மூலையில் எவ்வளவு சின்னதாகப் போடுகிறார்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு வயது பத்து. அடுத்த ஞாயிறு பத்திரிகை வந்ததும் முதலில் மூலையைத்தான் பார்த்தேன். படம், அம்மாவின் பெயர். அதற்கு மேல் வெறும் வெள்ளைக் காகிதம். அவமானம் தீர்ந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் ஓடிப்போய், பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "தேங்க்ஸ்மா" என்றேன்.

அம்மா திரும்பவில்லை. "பரவாயில்ல" என்றாள்.