மாமனாருக்கு அனுமதி இல்லை

கேக் வெட்டியாயிற்று. பிரியாணி இன்னும் வரவில்லை. பிறந்தநாள் வீட்டில் இந்த இடைவேளை ரொம்ப ஆபத்தானது — யாராவது எழுந்து, ‘பழைய போட்டோ காட்டட்டுமா?’ என்பார்கள்!

போன மாதம் மும்பை தாராவியில், ஸ்டெல்லா வீட்டில் அவள் மகளின் பிறந்தநாளிலும் அதுதான் நடந்தது. போட்டோ பார்க்க உட்கார்ந்த நாங்கள் பார்த்தது வேறு...

முதலில் ஸ்டெல்லா யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த ஆபீஸில் கம்ப்யூட்டர் சப்போர்ட் அவள்தான். யார் எந்த ஃபைலைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று நாளெல்லாம் செட் பண்ணுகிற வேலை. வீடு தாராவியில். கீழே மாமனார் சாமுவேலின் தோல் பைப் பட்டறை. இரும்புப் படி ஏறினால் மேலே குடித்தனம். மாமனார், மாமியார், கணவர் ஜெபராஜ், நாத்தனார் பிரிசில்லா, ஸ்டெல்லா, அவளுடைய சின்ன மகள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்.

போன மழைக்காலத்தில் சயான் ஸ்டேஷன் வாசலில் தேங்கிய தண்ணீரில் ஜெபராஜின் போன் விழுந்தது. போன் போனால் போகட்டும். மகளின் ஞானஸ்நானப் படங்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை! ஸ்டெல்லா அழுது முடித்துவிட்டு ஒரு காரியம் செய்தாள். டிபன் டப்பா சைஸில் ஒரு பெட்டி வாங்கி வந்து, வைஃபையோடு இணைத்து, அலமாரி மேல் வைத்தாள். உள்ளே ஹார்டு டிஸ்க். வீட்டில் யார் போனில் படம் எடுத்தாலும் அதில் ஒரு காப்பி போய் உட்கார்ந்துகொள்ளும்.

பெட்டியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அதை அவள் பங்கு பிரித்த அழகு இருக்கிறதே... அடடா!

‘போட்டோ’ ஃபோல்டர் பொது. எல்லோரும் பார்க்கலாம், புதிதாகப் போடலாம். ஆனால் அழிக்க முடியாது — தான் குண்டாகத் தெரிகிற படத்தையெல்லாம் மாமியார் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டிருந்தாராம்! ‘டிசைன்’ ஃபோல்டர் மாமனாருக்கும் ஜெபராஜுக்கும் மட்டும். பை மாடல் அடுத்த சந்துக்குப் போய்விடுமோ என்று மாமனாருக்கு எப்போதும் பயம். அப்புறம், ஆளுக்கொரு தனி ஃபோல்டர், தனி பாஸ்வேர்டு.

தனக்கு மட்டும் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டாள். ஒன்று, எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மின். இன்னொன்று, மற்றவர்களைப் போலச் சாதாரணக் கணக்கு. அன்றாடம் அவள் தொடுவது சாதாரணத்தைத்தான். ஏன் அப்படி என்று கேட்டேன்.

“எப்பவும் கத்தியக் கையில வச்சிக்கிட்டே நடமாட முடியுமா ஆன்ட்டி? வேணும்போது எடுக்கணும், வெட்டணும், வச்சிரணும்.”

இனி, அந்தப் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை...

ஸ்டெல்லா டிவியில் பெட்டியைத் திறந்தாள். ஃபோல்டர்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அந்த நேரம் பார்த்து பிரியாணிச் சட்டியை இறக்க மாமியார் கூப்பிட்டார். ரிமோட்டை மாமனாரிடம் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். அவர் ‘போட்டோ’வுக்குப் பதிலாக ‘பிரிசில்லா’வை அழுத்தினார். தெரிந்தா, தெரியாமலா? அது அவருக்கே வெளிச்சம்.

திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது.

“என்னலே எழுதிருக்கு? திறக்க மாட்டேங்கு?” என்றார் மகனிடம்.

“அனுமதி இல்லைன்னு வருதுப்பா.”

“யாருக்கு?”

சொந்தக்காரர்கள், சபைக்காரர்கள், நான் — அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவரின் முகம் சிவந்தது.

“ஸ்டெல்லா! இங்கன வா. என் வீட்டுல எனக்கு அனுமதி இல்லையா?”

பிரிசில்லா அடுப்படி வாசலில் தட்டோடு நின்றாள். சயானில் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வயதுப் பெண்ணின் பூட்டிய ஃபோல்டரில் என்ன இருக்கும்? கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு பையனின் படத்தை வரைய ஆரம்பித்துவிட்டார்கள். அது பிரிசில்லாவுக்கும் தெரிந்தது.

ஸ்டெல்லா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அது பிரிசில்லாவோட ஃபோல்டர் மாமா. அவ பாஸ்வேர்டு போட்டாத்தான் திறக்கும்.”

“நீதானே இதெல்லாம் செட் பண்ணுன? நீ திற.”

‘என்னால் முடியாது மாமா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீங்களும்தானே?

ஸ்டெல்லா சொன்னாள்: “என்னால திறக்க முடியும் மாமா. ஆனா திறக்க மாட்டேன்.”

கூடத்தில் எல்லாத் தலைகளும் பெரியவர் பக்கம் திரும்பின.

“அரே ஸ்டெல்லா, ஏக் பார், ஒரே ஒரு தடவ திறந்து காட்டிரு... பாத் கதம், விஷயம் முடிஞ்சிரும்” என்று சமாதானத்துக்கு வந்தார் ஜெபராஜ்.

“அப்ப உங்க ஃபோல்டரையும் திறக்கட்டுமா?”

ஜெபராஜின் கவனம் திடீரென்று மிச்சமிருந்த கேக்கின் மேல் போய்விட்டது!

“பொம்பளப் பிள்ளைக்கு அப்பன்ட்ட மறைக்க என்னட்டி இருக்கு?” என்றார் பெரியவர். குரல் உயர்ந்திருந்தது.

“எனக்குத் தெரியாது மாமா. நான் பாக்கல. நாளைக்கு அவ வந்து உங்க டிசைன் ஃபோல்டரத் திறன்னு கேட்டாலும் இதேதான் சொல்லுவேன். உங்களுக்குப் பாக்கணும்னா அவகிட்ட கேளுங்க. என்கிட்ட கேக்காதீங்க.”

குரலில் கோபம் இல்லை. மரியாதை ஒரு இம்மியும் குறையவில்லை. அவர் எழுந்து படியிறங்கிப் பட்டறைக்குப் போய்விட்டார். நாங்கள் பிரியாணி சாப்பிட்டோம். நல்ல பிரியாணிதான்... ருசி யாருக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப் வரை ஸ்டெல்லா கூட வந்தாள். “முடியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“பொய் சொன்னா, அட்மினால திறக்க முடியும்னு நாளைக்கே யாராவது மாமாகிட்ட சொல்லிருவாங்க ஆன்ட்டி. அப்ப அவ ஃபோல்டரும் போச்சு, என் பேச்சும் போச்சு” என்றாள். “அந்த வீட்டுல அவளுக்குன்னு ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. அவ துணியும் என் துணியும் ஒண்ணாத்தான் கிடக்கு. இது ஒண்ணாவது அவளுக்குன்னு இருக்கட்டுமே.” பிறகு தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். “டிவியில பேரே தெரியாம மறைச்சிருக்கணும். அது என் தப்புதான்.”

அப்புறம் நடந்ததைப் போன வாரம் செம்பூரில் என் வீட்டுக்கு வந்தபோது அவளே சொன்னாள்.

பெரியவர் மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். அவள் போட்ட டீயைத் தொடவில்லை. ஒரு நாள் கோபத்தில் பெட்டியின் பிளக்கையே பிடுங்கிவிட்டார். அன்று மத்தியானமே பட்டறைக்கு ஒரு வியாபாரி வந்து, பழைய மாடல் ஒன்றைக் காட்டச் சொன்னார். டிசைன் எல்லாம் எங்கே? பெட்டிக்குள்ளே! பிளக்கைத் திரும்பச் சொருகியவர் யார் என்று இன்றுவரை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவர் மனசில் ஸ்டெல்லா சொன்னது தங்கியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த மகளிடம் போய் நின்றார்.

“ஏட்டி... நான் பாக்கலாமா?”

அவ்வளவுதான் கேட்டார். அந்த வீட்டில் அவர் யாரிடமாவது அனுமதி கேட்டு அன்றுதான் பார்த்தேன் என்றாள் ஸ்டெல்லா.

பிரிசில்லா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தானே பாஸ்வேர்டு போட்டுத் திறந்தாள். உள்ளே பையனும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் அவளுடைய வீடியோக்கள். காலி வார்டில், மொட்டை மாடியில், யூனிஃபார்மோடு உட்கார்ந்து கேமராவைப் பார்த்து ஏதோ பாஷையில் பேசுகிறாள். திக்குகிறாள். நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மறுபடி முதலில் இருந்து...

ஜெர்மன்! அங்கே நர்ஸ் வேலைக்குப் போக இன்டர்வியூ பயிற்சி. வெளிநாடு என்று முன்பு ஒரு தடவை வாயைத் திறந்தபோது, அடுத்த வாரமே பெண் பார்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பூட்டு.

பெரியவருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. திடீரென்று நிமிர்ந்தார். “என் பேரு கேட்டுச்சே! என்னைப் பத்தி என்ன சொல்லுத?”

“ஏன் நர்ஸ் ஆனேன்னு கேப்பாங்கப்பா. எங்கப்பா சாமுவேல் நெஞ்சுவலியில படுத்திருந்தப்ப, ஒரு நர்ஸ் அவுக கையப் பிடிச்சிக்கிட்டே பக்கத்துல இருந்தா. அவள மாதிரி ஆகணும்னு நினைச்சேன்னு சொல்லுதேன்.”

பெரியவர் கண்ணைத் துடைப்பார், மகளைக் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அந்த வீட்டில் அதெல்லாம் நடக்காது. கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னாராம்:

“பேசும்போது கையை ஆட்டாத. நேரா உக்காந்து பேசு.”

மாப்பிள்ளை பேச்சைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும்படி அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டார். மறுநாள் மருமகளிடம், “டீ போட்டியாட்டி?” என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை அது மன்னிப்பு மாதிரி!

பிரிசில்லா அப்பாவுக்கு அந்த ஃபோல்டரில் இடம் கொடுத்துவிட்டாள் — பார்க்கலாம், மாற்றவோ அழிக்கவோ முடியாது. அவர் சம்மதித்துவிட்டார். தினமும் கேட்டுப் பார்த்து, ‘இன்னைக்குத் திக்கல’ என்று மார்க் போடுகிறாராம். ஜெர்மன் பரீட்சை எழுதியாயிற்று. ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

எத்தனை சாவிக்காரர்களைப் பார்த்திருக்கிறோம்! ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி, ஆபீஸ் மேனேஜர், வீட்டுப் பெரியவர்... சாவி கையில் இருந்தால் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். திறக்க முடிந்தும் திறக்காமல் இருந்த ஒருத்தியை நான் தாராவியில் பார்த்தேன். எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

அதனால்தான் அவளைச் செம்பூருக்குக் கூப்பிட்டேன் — என் வீட்டிலும் அதே போல ஒரு பெட்டி வைக்க. வயர் எல்லாம் மாட்டிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, “அங்கிளுக்கு எதெதுல அனுமதி குடுக்கணும் ஆன்ட்டி?” என்று கேட்டாள்.

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், பக்கத்தைத் திருப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்... நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்!