கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் வீட்டுக் குப்பை

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவளுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது அவள் கைதான். புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர்கள் "காது வலிக்குது", "குனிஞ்சா நழுவுது" என்று திரும்பி வருவது அந்தத் தொழிலில் சகஜம். அவள் பொருத்திக் கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது. ஃப்ரேமின் காம்பைச் சின்ன ஹீட்டரில் சூடு காட்டி, வந்தவரின் காதுக்குப் பின்னால் விரல் வைத்துப் பார்த்து, மயிரிழை அளவுக்கு வளைப்பாள். தலையை ஆட்டிப் பார்க்கச் சொல்வாள். கண்ணாடி அசையாது. வாடிக்கையாளர்கள் அவளைக் கண்ணாடிக்காரம்மா என்று கூப்பிட, குடியிருந்த தெருவிலும் அதுவே அவள் பெயராக நிலைத்துவிட்டது.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் வீடோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மூச்சு வாங்க ஏறி வந்து அவரைக் கிண்டல் செய்யாத உறவுக்காரர் கிடையாது. அவர் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிடுவார் என்பதால் ராத்திரிச் சமையல் அவர் பொறுப்பு. கல்லூரிக்குப் போகும் ஒரு மகள். கூடவே அவருடைய அக்கா. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அவ்வளவுதான் வீடு.

ஒரு நாள் புருஷன் அருங்காட்சியகத்தின் சரக்கு லிஃப்டைப் பழுது பார்த்துவிட்டு வந்தார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், எதையோ முழுங்க முடியாதவர் போல விஷயத்தை மெல்ல எடுத்தார். அங்கே ஒரு புதுக் காட்சி வைக்கப் போகிறார்களாம். ஒரு குடும்பம் ஒரு மாதத்தில் எவ்வளவு குப்பை போடுகிறது என்று, நிஜமான குப்பையையே கண்ணாடிப் பெட்டியில் போட்டுக் காட்டப் போகிறார்களாம். அதற்கு ஒரு குடும்பம் வேண்டுமாம்.

"அதுக்கு நம்ம பேரைக் குடுத்துட்டேன்" என்றார்.

அருங்காட்சியகத்துக்கு அப்படி ஒரு யோசனை வந்ததற்குக் காரணம் இருந்தது. ஏற்கெனவே அங்கே கடலைப் பற்றி ஒரு பெரிய கூடம் இருந்தது. பிளாஸ்டிக்கில் கழுத்து சிக்கிய ஆமை, செத்துக் கரை ஒதுங்கிய திமிங்கிலம் என்று சுவர் நிறையப் படங்கள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். சிலர் கண் கலங்கினார்கள். அப்புறம் கீழே இறங்கி, பாட்டிலில் தண்ணீர் வாங்கிக் குடித்து, காலி பாட்டிலைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். திமிங்கிலம் ரொம்ப தூரத்தில் இருக்கிறது, சமையலறைக்குப் பக்கத்தில் எதையாவது காட்டினால்தான் உறைக்கும் என்று அங்கிருந்த வழிகாட்டிப் பெண் சொல்லியிருக்கிறாள். இளம் பெண், துறுதுறுவென்று இருப்பவள். எத்தனையோ வீட்டில் கேட்டும் ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்காரம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "வீட்டைப் பெருக்கித் துடைச்சு வெச்சுட்டுத்தான் நாம ஒரு ஆளை உள்ளயே விடுவோம். நீங்க பெருக்கினதைக் காட்டுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க."

தன்னுடைய மாத்திரை அட்டையை ஊர் எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்றார் நாத்தனார். மகள்தான் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தாள். பெயர் போட மாட்டார்கள், முகவரி போட மாட்டார்கள், சாப்பாட்டு மிச்சம் எதுவும் வேண்டாம், காய்ந்த குப்பை மட்டும்தான். அரை மனதோடு கண்ணாடிக்காரம்மா தலையசைத்தாள். அரை மனதை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்வதில் அவள் புருஷனுக்கு இணை கிடையாது. மறுநாளே வழிகாட்டிப் பெண் பெரிய பெரிய சாக்குகளோடு மாடி ஏறி வந்துவிட்டாள்.

போடுவதை எல்லாம் கழுவிக் காயவைத்துச் சாக்கில் போட வேண்டும். பால்கனிக் கொடியில் துணிக்கு இடமில்லாமல் பால் கவரும் எண்ணெய்க் கவரும் கிளிப் மாட்டித் தொங்கின. குளிர்பானப் பாட்டிலைக் கழுவும்போதுதான் மகளுக்கு அதை வாங்கியிருக்கவே வேண்டாமோ என்று தோன்றியது. நாத்தனார் தன் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தலைச்சாயத்தின் காலிப் பொட்டலங்களை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டுத் தொட்டியில் போட்டார். பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. ஒரு கவரில் அத்தனையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்து, "இது உங்க கணக்குல சேர வேண்டியதாமே" என்று நீட்டிவிட்டுப் போனாள். நாத்தனார் அவற்றையும் கழுவிக் கொடியில் மாட்டினார்.

நடுவில் எதிர்பாராத ஒன்று நடந்தது. புருஷன் வேலையிடத்தில் ஏணியிலிருந்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டு. கடையிலோ அவளோடு வேலை பார்த்த பெண் பிரசவத்துக்குப் போயிருந்ததால் காலையும் மாலையும் இவள்தான் நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கால் இரண்டும் மரத்துப் போயிருக்கும். நாத்தனாருக்குச் சமையல் ஒரு நாளும் கைவந்ததில்லை. மகளுக்குப் பரீட்சை. அதனால் ராத்திரிச் சாப்பாடு கடையிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு சாப்பாட்டோடும் நாலைந்து பிளாஸ்டிக் பெட்டி, குட்டிக் கிண்ணம், கரண்டி. சாக்கு வீங்கிக்கொண்டே போனது.

இந்த மாதத்தை விட்டுவிட்டு அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். வழிகாட்டிப் பெண் யோசித்துவிட்டுச் சொன்னாள், "அக்கா, எந்த வீட்லயும் நல்ல மாசம்னு ஒண்ணு வர்றதே இல்லையே."

காட்சி திறந்த அன்று அவள் போகவில்லை. புருஷனும் மகளும் போய்விட்டு வந்து, கூட்டம் நன்றாக இருந்தது என்றார்கள். சில வாரம் கழித்து ஒரு விடுமுறையில், யாரிடமும் சொல்லாமல், வரிசையில் நின்று டிக்கெட் எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள்.

மாடியில் ஒரு சின்ன அறை. சுவரில் படம் எதுவும் இல்லை. நடுவில் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி, அதன் வயிற்றில் விளக்கு. அதற்குள் அவள் வீடு. மகளுக்கு வந்த பார்சல்களின் சாம்பல் நிறக் கவர்கள். நாத்தனாரின் மாத்திரை அட்டைகள், வெள்ளியாக மின்னிக்கொண்டு. பழைய பல் துலக்கி. பால் கவர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கண் போனதும் முதலில் படும்படி, சாப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக. 'நால்வர் வாழும் ஒரு வீடு. ஒரு மாதம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

பக்கத்தில் ஒரு புருஷன் பெண்சாதி நின்றுகொண்டிருந்தார்கள். "இந்த வீட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க போல" என்றார் அவர். அந்தம்மாவுக்குச் சோம்பல் ஜாஸ்தி என்றாள் மனைவி. பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள்.

அவளுக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து, மாடிப்படி வரைக்கும் போய்விட்டாள். கைப்பிடியைப் பிடித்தவளுக்கு, இப்படியே இறங்கிப் போனால் ராத்திரி முழுக்க இதையே மென்றுகொண்டு கிடப்போம் என்று பட்டது. திரும்பி நடந்தாள்.

"அது எங்க வீடுங்க" என்றாள்.

அவளுக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "சோம்பல்னு சொன்னீங்க. எங்க வீட்ல ராத்திரிச் சமையல் அவரோடது. அந்த மாசம் பாத்து அவர் கை உடைஞ்சுபோச்சு."

அந்த மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. தன் வீட்டில் யார் கையும் உடையாமலே இவ்வளவு சேரும் என்றாள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடுவதால் மொத்தமாகக் கண்ணில் பட்டதே இல்லையாம். அப்புறம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "இப்ப என்ன பண்றீங்க? ஏதாவது மாத்த முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

உள்ளதைச் சொன்னாள் கண்ணாடிக்காரம்மா. வெளிச் சாப்பாடு வாங்கும்போது வீட்டுப் பாத்திரத்தைக் கொண்டுபோகிறார்கள். சாப்பாட்டுக் கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார், அளவு தெரியாது என்றார். இப்போது அவரே "பாத்திரம் எங்கம்மா" என்று கேட்கிறார். மகள் ஒவ்வொன்றாகப் பார்சல் வரவழைப்பதை விட்டுச் சேர்த்து வாங்குகிறாள், சில சமயம் சேர்க்கிற நேரத்தில் ஆசையே போய்விடுகிறது. மாத்திரை அட்டைக்கு மட்டும் ஒரு வழியும் தெரியவில்லை. கவர் இல்லாமல் பால் வாங்க முயற்சி செய்து தோற்றாகிவிட்டது.

ஒரு பெரியவர் நெருங்கி வந்து, பால் விஷயத்தில் தானும் தோற்றவன்தான் என்றார். வேறொருத்தி தன் வீட்டுக் குளியலறையில் காலியாகாத ஷாம்பூ பாட்டில்கள் எத்தனை நிற்கின்றன என்று ஆரம்பித்தாள். கடல் கூடத்தில் ஒரு பேச்சும் பேசாமல் நடந்து வந்தவர்கள், குப்பைப் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு அவரவர் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று வழிகாட்டிப் பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது கடைசியில்தான் அவளுக்குத் தெரிந்தது.

விடுமுறை நாட்களில் வந்து அந்த அறையில் உட்கார முடியுமா என்று அருங்காட்சியகத்தில் கேட்டார்கள். வருகிறேன், ஆனால் இதைச் செய், அதைச் செய்யாதே என்று ஒருத்தருக்கும் புத்தி சொல்ல மாட்டேன் என்றாள். அப்படியே நடந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டார்கள். ஒன்றில் அவள், இன்னொன்றில் பேச விரும்புகிறவர் யாரோ. ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனவர்கள், தாங்கள் ஆரம்பித்தது என்ன ஆயிற்று என்று சொல்வதற்காகவே மறுபடி வந்தது அங்கிருந்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம். ஜெயித்துவிட்டு வந்தவர்களைவிட, "முடியலைங்க, விட்டுட்டேன்" என்று வந்தவர்களோடுதான் அவள் அதிக நேரம் பேசினாள். அவர்களிடம்தான் அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

குப்பையைப் பார்த்துப் பழகிய கண் கடையில் மட்டும் சும்மா இருக்குமா? புது ஃப்ரேம் வரும்போது அதில் வடிவம் கெடாமல் இருக்க ஒரு டம்மி லென்ஸ் இருக்கும், வெறும் பிளாஸ்டிக். நிஜ லென்ஸ் மாட்டும்போது அதை அழுத்தித் தள்ளித் தொட்டியில் போட வேண்டியதுதான். வருஷக்கணக்காக அவள் கை அதைச் செய்துகொண்டிருந்தது. ஒரு காலையில் தொட்டியை எட்டிப் பார்த்தாள். அடி தெரியாமல் லென்ஸ், ஒவ்வொன்றிலும் கடையின் விளக்கு மினுங்கியது.

டம்மி லென்ஸைத் தடுக்க அவளால் முடியாது. ஆனால் நல்ல ஃப்ரேம் போட்டுக்கொண்டு பவர் மாற்ற வருகிறவர்களிடம், "ஃப்ரேம் நல்லாத்தான் இருக்கு, லென்ஸ் மட்டும் மாத்திக்கலாமே" என்று சொல்ல முடியும். சொல்ல ஆரம்பித்தாள். கடை முதலாளி இதைக் கவனித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். ஃப்ரேம் விற்றால்தான் கடை ஓடும், நீயே வேண்டாம் என்று சொன்னால் எப்படி என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் சொன்னதும் நியாயம்தானே. சில நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் நல்ல ஃப்ரேமைக் கழற்றி ஓரமாக வைக்கும்போது அதை இன்னொரு தடவை திருப்பிப் பார்ப்பாள்.

திருப்பம் வெளியிலிருந்து வந்தது. அருங்காட்சியகத்தில் அவளோடு பேசிய பெரியவர் ஒருவர், காம்பு உடைந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடையைத் தேடி வந்தார். அப்புறம் அவர் மருமகள், அவளுடைய தோழிகள். இழுப்பறையில் கிடந்த பழைய ஃப்ரேம்களை எல்லாம் கொண்டுவந்து, இதுக்கு உயிர் இருக்கா பாருங்க என்றார்கள். ஸ்க்ரூ மாற்றி, மூக்குத் தாங்கி போட்டு, காம்பை நிமிர்த்தி, புது லென்ஸ் மாட்டிக் கொடுத்தாள். முதலாளி ஒரு வாரம் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னலோரம் இருந்த கண்ணாடி அலமாரியை நகர்த்தச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு மேஜை போட்டார். பழுது பார்க்கும் மேஜை. புது ஃப்ரேம் வியாபாரம் கொஞ்சம் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் கடைக்குள் வருகிற ஆள் கூடிவிட்டது என்று அவரே ஒரு நாள் அவள் புருஷனிடம் ஒப்புக்கொண்டார். டம்மி லென்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஃப்ரேம் அனுப்புகிறவர்களிடம் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. அவள் ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த முறை பெட்டிக்குக் குடும்பம் வேண்டும் என்று அருங்காட்சியகம் அறிவித்தபோது, கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நிறையப் பேர் கேட்டு வந்தார்கள். தேர்வானது ஒரு பேருந்து ஓட்டுநரின் வீடு. பெயர் கொடுத்துவிட்டு வந்த ஓட்டுநரின் மனைவிக்கு அப்புறம்தான் நடுக்கம் பிடித்தது. யாரைக் கேட்பது என்று விசாரித்து, நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

வேலை முடிந்ததும் கண்ணாடிக்காரம்மா அவளோடு கிளம்பினாள். கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு, ஓட்டுநரின் அப்பா என்று நெருக்கமான வீடு. இரண்டு பேரும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். குழந்தை தவழ்ந்து வந்து வெறும் சாக்கை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது. எல்லாவற்றையும் கழுவணுமா, குழந்தையோட டயப்பரை என்ன செய்வது, மாமனார் ஒத்துக்கொள்வாரா என்று அந்தப் பெண் அடுக்கிக்கொண்டே போனாள்.

"முதல் வாரம் எரிச்சலா வரும்" என்றாள் கண்ணாடிக்காரம்மா. "ரெண்டாவது வாரம் வீட்ல கண்டிப்பா சண்டை வரும். அதுக்கப்புறம் நீங்களே கடைக்குப் போனா, கையில எடுத்ததைத் திருப்பி வெச்சுட்டு வருவீங்க."

ஓட்டுநரின் மனைவி சிரித்துவிட்டு, டீ போட எழுந்தாள்.