கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைத்த சந்தாலி வேதாகமம்

பூல்மணியின் புருஷனைப் புதைத்த அன்று, அவளுக்கு ஒரு வார்த்தைகூட விளங்காத மொழியில் வேதம் வாசித்தோம். அவள் மொழியில் ஒரு வேதாகமம் அனுப்புங்கள் என்று கேட்டதற்கு மூன்று முறை வேறு எதையோ அனுப்பிவைத்தார்கள். நடந்த அநியாயம் இதுதான். அதைக் கேட்கத்தான் போன வியாழக்கிழமை சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போனேன். பிறமொழி வேதாகமம் தேடி அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், கட்டணம், தூரம் எல்லாம் எழுதுகிறேன். இடையில் கோபமும் வரும். பிடிக்காதவர்கள் பஸ் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பூல்மணியும் அவள் புருஷன் சாமுவேலும் ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே நூல் மில்லில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஞாயிறுதோறும் எங்கள் ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். சாமுவேல் காய்ச்சலில் ஏழே நாளில் போய்விட்டார். உடலை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லாமல் எங்கள் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். மறுநாள் ஊரிலிருந்து மாமியார் போன் செய்து, "என் மகனைப் புதைக்கும்போது என்ன வாசித்தார்கள்?" என்று கேட்டிருக்கிறார். பூல்மணியால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பக்கம் நாற்பதாம் நாள் கல்லறையில் ஜெபம் உண்டு. அன்றைக்காவது தன் மொழியில் வாசிக்க வேண்டும், அதே புத்தகத்தைக் கொண்டுபோய் மாமியாருக்கு அதே பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். நாற்பதாம் நாள் சனிக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் அவளுக்கு ஊருக்கு ரயில்.

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் புத்தக டிப்போ ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். பல மொழிகளில் வேதாகமமும் வேதபாட நூல்களும் இலவசமாகக் கொடுப்பதாக எல்லா ஆலயங்களிலும் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். முதலில் ஹிந்தி வேதாகமம் வந்தது. மில் குடியிருப்புக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூல்மணி விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தறி ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்து வைத்துப் படிக்கக் கற்றவன். எழுத்துக்கூட்டுகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஹிந்தி கடைக்கு, சூப்பர்வைசருக்கு. ஜெபம் சந்தாலி" என்றாள், தனக்குத் தெரிந்த தமிழில்.

சந்தாலி என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டேன். இரண்டாவது பார்சலும் ஹிந்திதான். விளக்கவுரையோடு, பெரிய எழுத்தில், இரண்டு கிலோ கனத்தில் வந்தது. மறுபடி எழுதினேன். மூன்றாவதாக ஒரு சிறு புத்தகம் வந்தது: வடமாநிலத் தொழிலாளரிடம் அன்பு காட்டுவது எப்படி என்று, தமிழில். செல்போனில் கிடைக்குமே என்பீர்கள். தேடினோம். கிடைத்தது அவள் படிக்காத எழுத்தில் இருந்தது. ஆங்கில எழுத்தில் அச்சிட்ட சந்தாலியைத்தான் அவள் சின்ன வயதில் ஆலயத்தில் படித்திருக்கிறாள்.

வந்த மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு காலை 6.40-க்கு பஸ் ஏறினேன். தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலி ஜங்ஷன் ஏறக்குறைய 57 கிலோமீட்டர். கட்டணம் 45 ரூபாய். இடது பக்கம் உட்காராதீர்கள், வழி நெடுக வெயிலுக்குத் தப்பித் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, தறிக்கட்டையா? இந்தக் கனம் கனக்கு" என்றார். "வேதம்" என்றேன். "அதான பாத்தேன்" என்று சொல்லி பையை சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

8.25-க்கு ஜங்ஷன். இட்லி, காபி 50 ரூபாய். பாளைக்கு டவுன் பஸ் 10 ரூபாய். டிப்போவில் ஒன்பதரைக்குத் திறப்போம் என்று போர்டு, திறந்தது பத்தேகாலுக்கு. நிழலில்லாத வாசல், குடை கொண்டுபோங்கள்.

உள்ளே சுவர் முழுக்க உலகப்படம். சந்தாலி என்ற பெயரும் அதில் இருக்கிறது, சிவப்புப் புள்ளி வைத்து! மேலாளருக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று புத்தகங்களையும் மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணாச்சி, உங்க கடிதத்தப் பாத்து நாங்க நிரப்புத ஃபாரத்துல மாநிலம்னு ஒரு கட்டம் இருக்கு. ஜார்க்கண்ட்னு போட்டா ஹிந்திதான் போவும். நாங்க மாநிலத்த வச்சுத்தான் அனுப்புதோம்."

"மொழிக்குக் கட்டம் இல்லையா?"

"இல்ல. இதுவரைக்கும் யாரும் கேட்கல."

"ஏம்வே, மொழிமொழியா வேதம் கொடுக்குத இடத்துல என்ன மொழின்னு கேக்கவே மாட்டீயளா? உங்க வீட்டுச் சாவுத் துட்டிக்கு வந்து நான் ஹிந்தியில வாசிச்சா கேட்டுக்கிட்டு இருப்பீரா?"

கணினி முன்னால் இருந்த ஜாஸ்மின் என்ற பெண் குனிந்து சிரித்தாள். மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. கடிதங்கள் இருந்த ஃபைலை எடுத்துவரச் சொல்லி, என் முதல் கடிதத்தை என் முன்னால் விரித்தார்.

"நீங்களே வாசிங்க அண்ணாச்சி."

என் கையெழுத்துதான். 'வடநாட்டுப் பெண். ஹிந்தி வேதாகமம் ஒன்று தேவை.'

வாசித்தேன். இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்தவளிடம் நானும் கேட்கவில்லை. வடக்கு என்றால் ஹிந்தி என்று நானே முடிவு செய்திருக்கிறேன். மேலே மூன்று முறை என்று எழுதியதை அழிக்க மாட்டேன். நீங்கள் இரண்டு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

"முதல் தப்பு என்னோடது. மிச்ச ரெண்டுக்கும் பதில் சொல்லும்" என்றேன்.

பதில் ஜாஸ்மினிடமிருந்து வந்தது. "சார், கண்காட்சிப் பெட்டியில சந்தாலி ஒண்ணு இருக்குல்லா?"

மூவரும் மாடிக்கு ஏறினோம். அங்கே கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. மொழிக்கு ஒரு பிரதி, பூட்டிவைத்து, முன்னால் சீட்டு. வருஷத்துக்கு ஒருமுறை டிசம்பர் கூட்டத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். ஐந்தாவது பெட்டியில் இருந்தது சந்தாலி வேதாகமம். அதுவும் ஆங்கில எழுத்தில்! என் கடிதங்கள் கீழே கிடந்த அத்தனை நாளும் அது தலைக்குமேல் இருந்திருக்கிறது.

"இது மாதிரிப் பிரதி அண்ணாச்சி, கொடுக்க முடியாது. புதுசுக்கு எழுதிப் போடுதேன், ரெண்டு மாசத்துல வந்துரும்."

"சனிக்கிழம நாற்பதாம் நாளு."

"ரெண்டு வருஷமா மில்லுல ஹிந்தி பேசிக்கிட்டு இருக்கிற பொண்ணு. இத வாசிக்கவா போவுது? சும்மா ஆசையா கேட்டிருக்கும்."

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பூல்மணிக்கு அன்று ராத்திரி ஷிப்ட், பகலில் குடியிருப்பில் இருப்பாள். அவள் அறைத்தோழியின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். "திறந்து காட்டும். வாசிக்கலைன்னா இப்பவே எந்திச்சுப் போறேன்" என்றேன். மேலாளர் என்னை ஜெயித்துவிடலாம் என்றுதான் பூட்டைத் திறந்திருக்க வேண்டும். அடக்கத்தில் வாசிக்கிற சங்கீதம் தொண்ணூறை எடுத்து, போனுக்கு முன்னால் பிடித்தார்.

பூல்மணி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு வாசித்தாள். விரல் வைக்கவில்லை, எழுத்துக்கூட்டவில்லை, தண்ணீர் ஊற்றுவதுபோல வந்தது. எங்கள் மூவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அடக்கத்தன்று அவள் நின்ற இடத்தில் இப்போது நாங்கள் நின்றோம். பக்கம் முடிந்ததும் நிறுத்தினாள். மேலாளர் அதே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன்! பக்கம் திருப்பு!" என்று போனிலிருந்து சத்தம் போட்டாள்.

அவர் திருப்பினார். அவள் வாசித்தாள். மறுபடி, "திருப்பு, திருப்பு!"

"சார், கை கீழ போவுது. நல்லா தூக்கிப் பிடிங்க" என்றாள் ஜாஸ்மின். நாலு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார் மனிதர். கடைசியில் போன் சார்ஜ் போய்விட்டது.

கீழே வந்து, புத்தகம் வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது எழுதி நீட்டினார். கடைசி வரி: 'டிசம்பர் கண்காட்சிக்குள் திருப்பித் தருவேன்.' அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் பார்த்தார். தாளை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, புத்தகத்தை என் பையில் போட்டார்.

3.30 பஸ், 5.15-க்குச் சங்கரன்கோவில். மொத்தம் போகவர 110 ரூபாய், சாப்பாடு தனி. சனிக்கிழமை காலை கல்லறையில் போதகர் தமிழில் ஜெபித்து முடித்ததும் பூல்மணி வாசித்தாள். நாங்கள் நாற்பது பேர் விளங்காமல் நின்றோம். ஒருமுறையாவது நிற்க வேண்டியதுதான். ஞாயிறு அவள் கையில் புத்தகத்தோடு ரயிலேறினாள்.

பயணம் போகிறவர்களுக்கு: கடிதம் எழுதாதீர்கள், நேரில் போங்கள். போகுமுன் உரியவரிடம் என்ன மொழி, எந்த எழுத்து என்று இரண்டையும் கேளுங்கள். ஊரைக் கேட்டு மொழியை ஊகிக்காதீர்கள். டிப்போவில் இல்லை என்றால் மாடியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

டிப்போ மேலாளர் ஃபாரத்தில் மொழிக்கு ஒரு கட்டம், எழுத்துக்கு ஒரு கட்டம் போட வேண்டும். மற்றக் கண்ணாடிப் பெட்டிகளையும் திறந்து, கேட்கிறவர் கையில் கொடுக்க வேண்டும். ஐந்தாவது பெட்டிக்குப் புதுப் பிரதி அவரே வரவழைக்கட்டும். பழையதைத் திருப்பித் தா என்று எனக்கு எழுதினால் பூல்மணியின் ஊர்ப் பெயரை அனுப்புவேன், சந்தாலி தெரிந்த ஆளாகப் பார்த்து அனுப்பிக் கேட்டுக்கொள்ளட்டும். எங்கள் போதகர், அடக்கத்துக்கு முன்னால் வீட்டாரிடம் எந்த மொழியில் வாசிக்கலாம் என்று கேட்க வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர் அவர்களிலேயே இருந்தால் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். மில்லுக்காரர்கள் சாமுவேலின் கல்லறைக்குக் கல் போட வேண்டும். ஒப்புக்கொண்டார்கள், இன்னும் போடவில்லை.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கடைசி பெஞ்சில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிற ஞாயிறு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.