டெபோரா தெளித்த தண்ணீர்

ராயபுரத்துப் பறவை வியாபாரி அருள்பிரகாசத்தின் வீட்டில் டெபோரா கூண்டு கழுவச் சேர்ந்தது சம்பளத்துக்காக இல்லை. அவனைப் பழிவாங்கத்தான். அவள் புருஷன் அம்புரோஸ் துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர். கப்பலில் வந்த பறவைப் பெட்டியைத் திருட்டுத்தனமாக வெளியே கொண்டுவரச் சொன்னவன் அருள்பிரகாசம், மாட்டிக்கொண்டது அம்புரோஸ். வக்கீல் வைக்கிறேன் என்ற மகராசன் கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. புழல் ஜெயிலிலிருந்து இருமலோடு திரும்பியவரை ஆறே மாதத்தில் அடக்கம் செய்தாள். வேலை கேட்டு வந்தவள் யார் பெண்டாட்டி என்று விசாரிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் பொறுத்தாள். இரண்டு முறை கஸ்டம்ஸுக்குப் போன் போட்டாள். இரண்டு முறையும் அவனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. திருட்டுப் பறவைகள் வேன் ஏறி மணலி புதுநகருக்குப் போய்விட்டன. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

அப்புறம்தான் அந்த ஆப்பிரிக்க மழைக்காட்டுக் குருவி வந்தது. பழுப்பு முதுகு, ஆரஞ்சு மார்பு. அபாரமாகப் பாடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அதையும் கள்ளத்தனமாக வரவழைத்திருந்தான். டியூப்லைட்டுக்குக் கீழே, கிளிகளுக்கு நடுவே மாட்டினான். அது வாயே திறக்கவில்லை. ஊமைச் சனியன் என்று திட்டி, பின்கட்டுக் கொட்டகையில் தள்ளினான்.

டெபோரா அதைக் கவனித்தாள். நடுப்பகலிலும் வெயில் தரைக்கு எட்டாத காட்டில், யார் கண்ணிலும் படாமல், ஈரச் சருகைக் கிளறிப் பூச்சி தின்று வாழ்கிற ஜாதி அது. வெளிச்சமும் கூச்சலும் ஆகவே ஆகாது. அவள் கூண்டைச் சாக்கால் மூடினாள். அடியில் சருகு பரப்பி, கரையான் பிடித்துவந்து போட்டாள். ஒருநாள் சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தாள். மழை பெய்து ஓய்ந்ததாக நினைத்ததோ என்னவோ, தொண்டை திறந்து பாடியது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாவது போனையும் போட்டாள். வழக்கம்போல வேன் வந்து நின்றது. குருவிக் கூண்டுக்கு மட்டும் இடமில்லை.

"ஊமைதான, கொட்டாயிலயே கெடக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றான் அருள்பிரகாசம்.

அதிகாரிகள் வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். கொட்டகையில் எட்டிப்பார்த்தவருக்குச் சாக்குக் குவியல்தான் தெரிந்தது. அவன் எல்லோருக்கும் டீ சொன்னான். டெபோரா வாளியோடு உள்ளே போய்த் தண்ணீர் தெளித்தாள். சத்தமே இல்லை. வாசலில் ஜீப் கதவு திறந்தது. இன்னொரு கை அள்ளித் தெளித்தாள்.

குருவி பாடியது.

அதிகாரி திரும்பி வந்து சாக்கை விலக்கினார்.

"மூடியே எடுத்துகினு போங்க சார். வெளிச்சம் பட்டா பயந்துக்கும்," என்றாள் டெபோரா.

அருள்பிரகாசம் அவளை முறைத்தான். "உனுக்கு நான் இன்னா கொற வெச்சேன்?"

"நான் அம்புரோசு பொண்டாட்டி."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "எந்த அம்புரோசு?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவனுக்கு ஞாபகமில்லை. டெபோரா வாளியைக் கீழே வைத்தாள்.

"உள்ள குந்திகினு, களி துன்னுகினே யோசி," என்றாள்.