மருமகள் அடுக்கிய டப்பாக்கள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலேசியாவில் எங்கள் கிள்ளான் வீட்டுக்கு யாராவது வந்தால், சாப்பாட்டு மேசையைப் பார்த்ததும் ஏதோ விருந்து நடக்கிறது என்றே நினைப்பார்கள். மேசை நிறைய பிளாஸ்டிக் டப்பாக்கள் மூடியில்லாமல் வரிசையாக இருக்கும். மேலே காற்றாடி முழு வேகத்தில் ஓடும். ஒன்றில் சிவப்பரிசிச் சோறும் கீரை போட்ட பருப்பும், ஒன்றில் எண்ணெய் அதிகம் காட்டாமல் வதக்கிய தெம்பே என்னும் சோயாக் கட்டி, ஒன்றில் முட்டைக்கோஸை உள்ளே வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. வந்தவர்கள் தட்டு வருமென்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் மருமகள் சிரித்துக்கொண்டே, "இது இன்னைக்கு இல்ல ஆன்டி, வாரம் பூரா போகும். ஒங்களுக்குத் தோச ஊத்தறேன், ஒக்காருங்க" என்பாள். ஆவி அடங்கியதும் ஒவ்வொன்றாக மூடி, ஐஸ் பெட்டியின் உறை அறைக்குள் செங்கல் அடுக்குகிற மாதிரி அடுக்குவாள். அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பாட்டு முணுமுணுப்பாள். அதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்.

நான் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் சமையலில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த காலத்தில், என் வீட்டுக்காரர் தண்டவாள வேலை முடிந்து படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் சோற்றை வடிப்பேன். அவர் கை கழுவி உட்காரும்போது தட்டில் ஆவி பறக்கும். ஒரு நாளும் அந்த மனிதருக்கு ஆறிய சோறு போட்டதில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆகவே புது மருமகள் ஞாயிற்றுக்கிழமையே வியாழக்கிழமைக்குச் சமைப்பதைப் பார்த்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"செத்த வீட்டுக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரங்க சுடச்சுடத்தான் கொண்டாந்து குடுப்பாங்க. எம்புள்ளைக்கு மட்டும் ஐஸ்கட்டி சோறா?" என்றேன்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஐஸ்கட்டி கரஞ்சா சோறுதான் அத்தே. மாமாக் கடை ரொட்டி சானாய் கரஞ்சா ஒங்க புள்ளையோட சட்டைக்குள்ளதான் தொந்தியா நிக்கும்" என்றாள். என் மகன் கொல்லென்று சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுக்குப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரின் முன்மேசையில் வேலை. கொமுட்டர் ரயில் பிடித்து வீடு வர இருட்டிவிடும். மகனுக்குத் துறைமுகத்தில் பளு தூக்கும் இயந்திரம் ஓட்டும் வேலை. அவன் வெளியே வரும் நேரத்தில் சாலை முழுக்க லோரியாகத்தான் நிற்கும். பசி தாங்காமல் வழியில் மாமாக் கடையில், அதுதான் எங்கள் ஊர் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை, பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைத் தப்பாவ் என்று பொட்டலம் கட்டி வாங்கித் தின்று, முப்பத்தைந்து வயதுக்குள் சர்க்கரை வந்துவிட்டது. மருந்து பாதி, சாப்பாடு பாதி என்று டாக்டர் சொன்னதும்தான் அவள் இந்த டப்பாக்களை ஆரம்பித்தாள். காலையில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். சாயங்காலம் அவன் காரிலேயே சாப்பிடுவான். கொஞ்ச காலத்தில் சர்க்கரை இறங்கியது. இடுப்புப் பட்டியும் உள்ளே போனது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பேத்திக்கு ஆறு வயதானபோது நெஞ்சில் ஓட்டை இருப்பது தெரிந்தது. பிறந்ததிலிருந்தே இருந்ததாம். அறுவை செய்ய வேண்டும், அதற்கு முன்னால் பிள்ளைக்கு எடை ஏற வேண்டும் என்றார்கள். அந்த வருடம்தான் என் மகன் பத்துமலைக்கு வேண்டிக்கொண்டான். தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் விரதமிருந்து, வாயில் அலகு குத்திப் பால் காவடி எடுப்பதாக வேண்டுதல். தரையில் படுத்தான். விடியலுக்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் குளித்தான். ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் வேலை முடிந்து, துறைமுகத்துப் பக்கமிருக்கும் சின்னக் கோயிலில் விளக்கேற்றிக் கும்பிட்ட பிறகு. சர்க்கரைக்காரன் இப்படிப் பட்டினி கிடக்கலாமா என்று டாக்டரும் கேட்டார், மருமகளும் கேட்டாள். அவன் காதில் வாங்கவில்லை. அவளும் பால்குடம் எடுப்பதாகச் சொல்லி அவனோடு சேர்ந்து விரதம் பிடித்தாள். நானும் கவிச்சையை விட்டேன்.

வீட்டில் விரதம் என்றால் கறி, மீன் உள்ளே வரக்கூடாது. ஆனால் பிள்ளைக்கு எடை ஏற வேண்டுமே. கோழியை அரைத்துப் பூசணிக்காயோடு குழைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மருமகள் அதற்கொரு வழி செய்தாள். வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பு, தனிச் சட்டி. அந்தச் சாப்பாடு ஐஸ் பெட்டியின் அடித்தட்டில். அவனுக்குச் சோயாவைப் பொடித்துப் பூசணிக்காயோடு கிளறி வைப்பாள், அது மேல்தட்டில். டப்பாக்கள் எல்லாம் ஒரே மாதிரி. தட்டுதான் அடையாளம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே மஞ்சளாக இருக்கும்.

பிறகு நடந்ததை மருமகள் வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விவரமாகச் சொன்னாள். இங்கேயே சொல்லிவிட்டால்தான் உங்களுக்குப் புரியும்.

தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பூசைக்காக, வியாழன் இராத்திரியே மல்லிகைச் சரமும் பாலும் வாங்கி வந்திருந்தாள். மேல்தட்டு நிறைந்திருந்தது. அடித்தட்டில்தான் இடம். சாமிக்குப் போகிற பூவைக் கோழிச் சாப்பாட்டோடு எப்படி வைப்பது? அந்தத் தட்டைத் துடைத்துப் பூவை வைத்துவிட்டு, பிள்ளையின் டப்பாவைத் தூக்கி மேலே, அவனுடைய டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். காலையில் தானே எழுந்து எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். இராத்திரி முழுக்கப் பிள்ளை இருமியதில் விடியலில் கண்ணசந்துவிட்டாள். அவன் குளித்து, கும்பிட்டு, வழக்கம்போல மேல்தட்டில் கை வைத்து ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அன்று பிள்ளைக்குக் கோலாலம்பூரில் சோதனை. மேல்தட்டில் மீதியிருந்த டப்பாவைப் பிள்ளையுடையது என்று நினைத்து மருமகள் எடுத்துப் போனாள். சாயங்காலம் மருத்துவமனை நாற்காலியில் வைத்து ஊட்டினாள். எப்போதும் நாலு வாய்க்கு மேல் வாங்காத பிள்ளை அன்றைக்கு டப்பாவைக் காலி செய்தது. செய்துவிட்டு, "ம்மா, இன்னைக்குக் கோழி வாசனையே இல்ல லா. நல்லா இருக்கு" என்றது.

அவள் டப்பாவை மோந்து பார்த்தாள். அங்கிருந்தே போன் போட்டாள். "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்பதான் முடிச்சேன். என்னா போட்ட? ரொம்ப நாளைக்கப்பறம் வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கு" என்றான் அவன்.

அவள் போனை வைத்துவிட்டு, காலி டப்பாவைக் கழுவப் போனாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் முகத்தில் ரத்தமில்லை. விரதக் களைப்பு, பிள்ளைக் கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் விடியலில் குளித்து நடுங்கிக்கொண்டு வந்து நிற்பான். அவள் துண்டை எடுத்துக் கொடுப்பாள். அவன் சாமி படத்துக்கு முன்னால் கண்மூடி நிற்பதைக் கதவோரம் நின்று பார்ப்பாள். "சொன்னா நொறுங்கிப் போயிருவாரு அத்தே. பாப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா தான் வெரதத்தக் கெடுத்ததாலதான்னு காலத்துக்கும் அழுவாரு. சொல்லாம நானே சொமந்துக்கலாம்னு பாத்தேன்" என்று பிறகு சொன்னாள். அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. சுத்தமாக விரதமிருந்தவனுக்கு அலகு குத்தினால் ரத்தம் வராது என்று எங்கள் சனம் சொல்லும்.

பத்துமலை ஆற்றங்கரையில் கூட்டம் நெரிந்தது. அவன் குளித்து, திருநீறு பூசி, மஞ்சள் வேட்டியோடு நின்றான். பிள்ளையை மருமகளின் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள். அலகு குத்தும் பெரியவர் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கினார். என் பக்கத்தில் தலையில் பால்குடத்தோடு நின்றவள், இரண்டடி முன்னால் போய், "ஏங்க, குத்த வேணாம்" என்றாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஒங்க வெரதம் முறிஞ்சு போச்சு. போன வெள்ளிக்கெழம நீங்க சாப்ட்டது பாப்பாவோட கோழிச் சாப்பாடு."

மேளக்காரர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவர் கையை இறக்கி, "என்னா தங்கச்சி, இங்க வந்து சொல்றீங்களே" என்றார். பின்னால் நின்ற ஒருவர், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க லா. எவ்ளோ நேரமா வெயிட் பண்றோம்" என்றார். என் மகன் அவளை மட்டும் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

அவன் குனிந்து காவடியைப் பார்த்தான். தொடவில்லை. மேலே ஏறாமல் திரும்பிப் போய்விடுவானோ என்று பயந்தேன். அப்போது மருமகள் என் பக்கம் திரும்பி, "அத்தே, இத வாங்கிக்குங்க" என்று பால்குடத்தை நீட்டினாள். மலை ஏறும்வரை அதைக் கீழே வைக்கக் கூடாது. நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவனுடைய காவடியைத் தூக்கித் தன் தோளில் வைத்தாள். "நான் ஒரு வேளகூடத் தவறல. பாப்பாவுக்காக எடுத்தது நின்னு போகக்கூடாது" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அப்படித்தான் ஏறினோம். என் முழங்கால் அன்றைக்கு ஏன் வலிக்கவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவள் முன்னால் காவடியோடு, நடுவில் நான், பின்னால் என் மகன். அத்தனை பேரும் ஏதாவது ஒன்றைச் சுமந்து ஏறுகிற அந்தப் படியில் அவன் ஒருவன்தான் வெறும் கையோடு வந்தான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பேத்தி இப்போது என் உயரம் வளர்ந்துவிட்டாள், பூப்பந்து ஆடுகிறாள். வேண்டுதல் யாரால் நிறைவேறியது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆனால் அந்தத் தைப்பூசத்துக்குப் பிறகு என் மகன் டப்பா எடுப்பதை விட்டுவிட்டான். சண்டை கிடையாது. சம்பளத்தைக் கொடுப்பான், பிள்ளையை டியூஷனில் கொண்டுபோய் விடுவான், அவளிடம் பேச வேண்டியதைப் பேசுவான். சாயங்காலச் சாப்பாடு மட்டும் மாமாக் கடையில்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அவ வேணும்னா செஞ்சா? அவசரத்துல நீதானேடா மாத்தி எடுத்துட்டுப் போன?"

"டப்பாவப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல மா" என்றான். "அத்தன நாளும் நான் சாமி கும்புடறதப் பாத்துக்கிட்டே நின்னா. துண்டு எடுத்துக் குடுத்தா. அத நெனச்சா அவ கட்டிக் குடுக்கறது எறங்க மாட்டேங்குது."

அவன் சொன்னதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சுடச்சுடப் போடுகிற சோற்றைப் போடுகிறவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் சாப்பிட்டார். அதற்குப் பெரிய நம்பிக்கை எதுவும் வேண்டியதில்லை. டப்பாச் சோறு அப்படியில்லை. கட்டியவள் ஓர் ஊரிலும் தின்கிறவன் ஓர் ஊரிலும் இருப்பார்கள். முகம் பார்க்காமல் வாயில் வைக்க வேண்டும். மருமகள் ஞாயிறு முழுக்க நின்று சமைத்தது இந்த நம்பிக்கையின் மேல்தான். அவள் முன்னமே சொல்லியிருக்க வேண்டுமா, கடைசிவரை சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? ஒரு நாள் அப்படித் தோன்றும், மறுநாள் இப்படித் தோன்றும். பெற்றவள் நான், அவன் பக்கம்தான் சாய வேண்டும். முடியவில்லை. ஆற்றங்கரையில் அவள் வாய் திறந்ததற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளும் நான்தான்.

அவள் சமைப்பதை நிறுத்தவில்லை. பாட்டு நின்றுவிட்டது. அவ்வளவுதான்.

சர்க்கரை திரும்ப ஏறியது. இந்த வருடம் அவன் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. போன மாதம் டாக்டர், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை, மேசை நிறைய டப்பாக்கள் திறந்திருந்த நேரத்தில், அவன் நொண்டிக்கொண்டே வந்து மேசையோரம் நின்றான். ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தான். பிறகு, "எனக்கு எது?" என்றான்.

மருமகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த கரண்டி நின்றது.

"எது வேணும்னாலும் எடுங்க. எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்தத் தைப்பூசத்திலிருந்து அவள் இந்த வீட்டில் இரண்டு சமையல் செய்ததே இல்லை. கோழி இல்லை, மீன் இல்லை, மேல்தட்டு அடித்தட்டு என்ற பேச்சே இல்லை. வாரத்துக்கு என்ன செய்தாலும் எல்லாருக்கும் அதே. "நம்ம வீட்லதான் எப்பப் பாத்தாலும் பருப்பு" என்று பேத்தி குறைப்படும்போதெல்லாம் நானும் சேர்ந்து குறைப்பட்டிருக்கிறேன். காரணம் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அவன் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். மருமகள் குழாயைத் திறந்துவிட்டு டப்பாவின் மூடியை எடுத்தாள். பாதி இருந்தது. பாதி சாப்பிட்டிருந்தான்.

அவள் அதைக் கொட்டவில்லை. தொட்டியோரம் நின்றபடியே, மீதியை விரலால் எடுத்து ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் எழுந்து போய்க் குழாயை மூடினேன்.