சத்தம் போன கார்

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த நாட்களில் எனக்கு அலுக்காத வேலையே இல்லை. காலை முழுவதும் தென்னூரில் நோயாளிகள். சாப்பிட்ட கை காய்வதற்குள் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். டாக்டர் என்றால் கார் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பல கை மாறிய வண்டி ஒன்றை வாங்கித் தொலைத்திருந்தேன். அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. பாலத்தில் அது போடும் கூப்பாட்டில் மாடுகள் மிரளும். ராத்திரி படுத்த பிறகும் அந்த உறுமல் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

உத்தர வீதியில் ஒரு வீட்டுக்கு வியாழக்கிழமைதோறும் ஊசி போடப் போவேன். பதினெட்டு வயதுப் பெண், நெஞ்சில் கோளாறு. ஒரு வருஷம் முழு ஓய்வு வேண்டும், பாடக் கூடாது, கல்யாணப் பேச்சே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் அப்பா தலையை ஆட்டியதோடு சரி. அவருக்கு வேறு கவலை.

"தப்பா நினைச்சுக்கப்படாது டாக்டர். உங்க கார் திரும்பறச்சேயே தெருவே வாசலுக்கு வந்துடறது. வாராவாரம் டாக்டர் வர்ற ஆத்துல யார் பொண்ணு எடுப்பா? வண்டியைச் செத்த தள்ளி நிறுத்திட்டு வாங்கோளேன்."

அன்றிலிருந்து தெருக்கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தேன். கோடியில் உறுமல் கேட்டதுமே அந்த வீட்டில் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். பேச வந்த அண்டை வீட்டாரை அனுப்பிவிட்டு, கூடத்து ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

நடந்து நடந்து அலுத்துப்போய்த்தான் சைலன்சரைக் கவனித்தேன். யுத்த காலத்தில் புதிதுக்கு எங்கே போவது? பாலக்கரை ஒர்க்‌ஷாப்பில் மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டிச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். பழைய உறுமலோடு தகரச் சத்தமும் சேர்ந்துகொண்டது. திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். கடைசியில் உடைந்த லாரி ஒன்றின் சைலன்சரை அறுத்து வெல்டிங் வைத்தார்கள். மெக்கானிக் வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஓடுதா இல்லையான்னு தொட்டுப் பாத்துக்குங்க சார்" என்றார்.

அடுத்த வியாழன் பாலத்தின் மேல் போகும்போது, கீழே துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு நாளாகக் கேட்டதே இல்லை. இனி யாருக்குத் தெரியப்போகிறது என்று நேராக அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன்.

உள்ளே பாட்டு. அவள்தான். பாதி அடியில் மூச்சு வாங்கி நின்று, மறுபடியும் தொடங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனேன்.

கூடம் நிறைய புது மனிதர்கள். கையில் சொஜ்ஜி, பஜ்ஜித் தட்டுகள். நடுவில் பட்டுப் புடவையில் அவள். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள்! கார் உறுமல் கேட்டதும் தெருக்கோடிக்கு ஓடி என்னைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவள் அப்பா நினைத்திருக்கிறார்.

வந்தவர்களில் பெரியவர் என் பையைப் பார்த்தார். "ஆத்துல யாருக்கு உடம்பு?"

"இவர் நமக்கு ரொம்ப வேண்டியவர். சும்மா இந்தப் பக்கம்..." அப்பா எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

நான் உண்மையைச் சொன்னால் இந்த வரன் போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் உருப்படியாகப் பிழைக்க மாட்டாள்.

"எனக்குத்தான் மாமா" என்றாள் அவள். "வாராவாரம் ஊசி போட வரார்." வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள்.

ஊருக்குப் போய்க் கடுதாசி போடுவதாகச் சொல்லிவிட்டு, தட்டில் பாதியை மிச்சம் வைத்து அவர்கள் எழுந்து போனார்கள். அப்பா தூணில் சாய்ந்து நின்றார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"வரச்சே ஒரு சத்தம் கொடுத்திருக்கப்படாதா டாக்டர்?"

எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, கோபப்படவும் தெம்பில்லை. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"இனிமே பாட வேண்டாமே டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம்மா. படுத்துக்கோ."

பட்டுப் புடவையோடேயே பாயில் சாய்ந்தாள். நான் மருந்தை எடுத்து ஊசியில் ஏற்றுவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.